ஆறுதலாக் கதைப்பம்: மூச்சு விட நேரமில்லை எண்டு எழுதின ஆக்களுக்கு

இந்தமுறை வந்த கடிதங்களிலையும் வட்ஸ்அப் வொய்சுகளிலையும் பாதிக்கு மேலை ஒரே கதைதான், களைப்பு. அதாலை சீட்டுக் காசுப் பிரச்சினை, சம்பந்தி சண்டை எல்லாத்தையும் அடுத்த முறைக்கு ஒதுக்கிப்போட்டு இதை மட்டும் எடுக்கிறன். வொய்ஸ் அனுப்பின கனபேருக்குப் பின்னாலை குக்கர் விசில் கேக்குது, ஒராள் ஸ்கூட்டியிலை போய்க்கொண்டே கதைச்சு அனுப்பியிருக்கிறா. தங்கச்சி, தயவு செய்து அப்பிடிச் செய்யாதேங்கோ, ஒழுங்கையிலை நாய் குறுக்கை வந்தால் கேள்வியும் இல்லை பதிலும் இல்லை.

கேள்வி: அக்கா, நான் ஒரு கந்தோரிலை வேலை செய்யிறன். விடிய நாலரைக்கு எழும்பினால் இரவு பதினொண்டரைக்குத்தான் படுக்கை. புட்டோ இடியப்பமோ அவிச்சு, மத்தியானச் சோறு கட்டி, ரெண்டு பிள்ளையளையும் வெளிக்கிடுத்தி, மாமிக்கு மருந்து குடுத்து, எட்டரைக்குக் கந்தோரிலை நிக்க வேணும். பின்னேரம் வந்த கையோடை மூத்தவளை ஒரு ரியூசனிலை இறக்கி, சின்னவனை இன்னொரு ரியூசனிலை இருந்து ஏத்தி, பேந்து சமையல், உடுப்பு, பாடம். சனி ஞாயிறு எண்டால் சாமத்தியவீடு, கலியாணவீடு, இல்லாட்டி ஆற்றையும் அந்திரட்டி. இவர் நல்ல மனிசன், குறை சொல்ல ஒண்டுமில்லை, ஆனா வீட்டு வேலை தெரியாது. கொஞ்ச நேரம் கதிரையிலை இருந்தாலும் ஏதோ களவு செய்யிற மாதிரிக் கிடக்கு. யூடியூப்பிலை பாத்திட்டு யோகா செய்வம் எண்டு நாலு மணிக்கு அலாரம் வச்சன், அது இன்னும் களைப்பாப் போச்சு. – கொக்குவில் வாசகி

பதில்: முதல்லை அந்த நாலு மணி அலாரத்தை நிப்பாட்டுங்கோ. பதினொண்டரைக்குப் படுத்து நாலரைக்கு எழும்பினாலே அஞ்சு மணித்தியாலம்தான், அதிலையும் அரை மணித்தியாலத்தை வெட்டி யோகாவுக்குக் குடுத்தால் உடம்பு என்ன செய்யும்? வளந்த ஆக்களுக்கு இரவிலை 7 மணித்தியாலமாவது நித்திரை வேணும் எண்டு அமெரிக்காவிலை நித்திரை சம்பந்தமான மருத்துவச் சங்கங்கள் ரெண்டு சேந்து 2015 இலை தெளிவாச் சொல்லிப்போட்டுது. யோகா நல்லது, வேண்டாம் எண்டு சொல்லேல்லை, ஆனா நித்திரையை வித்து வாங்கிற சாமான் இல்லை அது. இப்ப உங்களுக்கு இன்னொரு நல்ல பழக்கம் தேவையில்லை, இருக்கிற வேலையளிலை சிலது உங்கட கையை விட்டுப் போக வேணும்.

அடுத்தது இவருக்கு வீட்டு வேலை தெரியாது எண்ட கதை. பாரிசிலை றெஸ்ரோறன்ட் குசினியளிலை நிண்டு வெட்டிக் கொத்திச் சமைக்கிறது ஆர்? எங்கட பெடியள்தானே. இஞ்சை இருக்கேக்கை ஒரு தேத்தண்ணி போடத் தெரியாமல் இருந்தவை, லண்டன் ரூமிலை நாலு பேரோடை இருந்துகொண்டு ஆட்டிறைச்சிக் கறி காச்சேல்லையே. பிளேன் ஏறின உடனை வாற கைப்பழக்கம் கொக்குவிலிலை மட்டும் ஏன் வராது? ஆனா ஒண்டு, "கொஞ்சம் உதவி செய்யுங்கோவன்" எண்டு கேக்காதேங்கோ. உதவி எண்டால் பொறுப்பு உங்களோடைதான் நிக்கும், அவர் வந்து கையை மட்டும் தந்திட்டுப் போவார். ஒரு வேலையை முழுசாக் குடுங்கோ. உதாரணத்துக்கு அந்த ரியூசன் ஓட்டம்: ஏத்திறது இறக்கிறது மட்டுமில்லை, எந்த நாள் எத்தினை மணிக்கு வகுப்பு, மாசக் காசு கட்டியாச்சோ, சேர் வகுப்பை மாத்தினால் குறூப்பிலை பாக்கிறது ஆர், மழை வந்தால் என்ன செய்யிறது, எல்லாம் அவற்றை தலையிலை. உங்கட போனிலை இருந்து அந்த வட்ஸ்அப் குறூப்பையே விட்டிட்டு வெளியிலை வாங்கோ. முதல் கிழமை ஒருநாள் பிள்ளை ஒழுங்கை முகப்பிலை பாத்துக்கொண்டு நிப்பாள், அவருக்கு ஏச்சு விழும், பேந்து சரிவரும். நீங்கள் பின்னாலை நிண்டு "ஏத்திட்டியளோ ஏத்திட்டியளோ" எண்டு கோல் எடுத்தால் வேலை திரும்பவும் உங்கடதுதான்.

விடியப்புறம் புட்டு அவிக்கிறதைப் பாருங்கோ. மா குழைக்கிறது, தேங்காய் திருவுறது, நீத்துப்பெட்டியிலை போட்டு அவிச்சுத் தட்டுறது, அதுக்கு ஒரு சம்பலோ சொதியோ, பேந்து அந்த நீத்துப்பெட்டியைக் கழுவிக் காய வைக்கிறது. வடிவாச் செய்தால் ஒரு மணித்தியாலம் போயிடும். கிழமையிலை மூண்டு நாள் பாணோ, முதல்நாள் பின்னேரம் கடையிலை வாங்கி வச்ச இடியப்பமோ போதும். மாமி ஏதும் சொல்லுவா. சொல்லட்டும், அவவும் அந்தக் காலத்திலை இப்பிடித்தான் மாடு மாதிரி உழைச்சவா, தனக்கு ஆரும் ஆறுதல் குடுக்கேல்லை எண்ட ஆதங்கம் அதிலை பாதி. அவவுக்கு ஏலுமெண்டால் சின்ன வெங்காயம் உரிக்கிற வேலையைக் குடுங்கோ, தன்னையும் ஒரு ஆளா வச்சிருக்கினம் எண்டு சந்தோசப்படுவா.

சனி ஞாயிறு விசயத்திலை நான் கொஞ்சம் கடுமையாத்தான் சொல்லுவன். செத்தவீட்டுக்குப் போக வேணும், அதிலை மாத்துக் கருத்தில்லை, ஒரு மனிசர் கண்ணீரோடை நிக்கேக்கை எங்கட முகம் அங்கை தெரிய வேணும். ஆனா மூண்டாம் சந்தியிலை இருக்கிற ஆற்றையோ மச்சாளின்ரை மகளின்ரை சாமத்தியவீட்டுக்கு, ஹெலிகொப்டரிலை பூத் தூவிற வீடியோவுக்குப் பின்னாலை இருக்கிறதுக்கு, குடும்பமே சீலை உடுத்து வேட்டி கட்டி ஒரு பகல் முழுக்கப் போக வேணுமோ? வீட்டிலை ஒராள் போனால் காணும். இல்லாட்டி ஒரு கிழமைநாள் பின்னேரம் எட்டிப் பாத்து என்வலப்பைக் குடுத்திட்டு வாங்கோ, அண்டைக்கு அவையள் உங்களோடை இருந்து கதைக்கக்கூட நேரம் கிடைக்கும்.

இருந்தால் களவு செய்யிற மாதிரிக் கிடக்கெண்டு எழுதினியள், அதை வாசிக்க எனக்குக் கவலையாத்தான் இருந்தது. பொம்பிளைப் பிள்ளை கதிரையிலை இருந்தால் "பஞ்சி பிடிச்சவள்" எண்டு சொல்லிச் சொல்லித்தானே எங்களை வளத்தவை. ஆம்பிளையளுக்குச் சந்தி இருக்கு, வாசிகசாலை இருக்கு, பண்ணைக் கடற்கரைக் கட்டு இருக்கு. பொம்பிளையளுக்கு ஒருத்தரும் ஏன் எண்டு கேக்காமல் இருக்கக்கூடிய ஒரே இடம் கோயில்தான். நல்லூர்த் திருவிழா நேரம் பின்னேரத்திலை வீதி மணலிலை காலை நீட்டிக்கொண்டு கச்சான் கொறிச்சபடி இருக்கிற பொம்பிளையளைப் பாருங்கோ, எல்லாரும் கந்தனுக்காக மட்டும் வந்தவை எண்டு நான் நம்பேல்லை. அந்த மாதிரி ஒரு இருப்பு வீட்டு விறாந்தையிலை கிடைக்க வேணும். கந்தோராலை வந்த உடனை குசினிக்குள்ளை போகாதேங்கோ. முகம் கழுவி, தேத்தண்ணியோடை ஒரு 20 நிமிசம், போனும் இல்லாமல். பிள்ளையளுக்குச் சொல்லி வையுங்கோ, ரத்தம் வந்தால் கூப்பிடு, மற்றதுக்கெல்லாம் அப்பாட்டைப் போ எண்டு.

இன்னொண்டு, இவ்வளவும் செய்தும் களைப்பு மாறேல்லை எண்டால் அதை மனசிலை போட்டுக் குழப்பாமல் ஒருக்கா ரத்தம் சோதிச்சுப் பாருங்கோ. பொம்பிளையளுக்கு இரும்புச்சத்துக் குறைஞ்சு வாற ரத்தச்சோகை, தைரோயிட், சீனி வருத்தம், மூண்டுமே வெறும் களைப்பாத்தான் முதல்லை காட்டும். உங்களுக்கு 35 வயசு தாண்டியிருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியளிலை நடக்கிற ஹெல்தி லைஃப்ஸ்டைல் கிளினிக்கிலை பிரசரும் சீனியும் காசில்லாமலே பாக்கலாம். சோறு சாப்பிட்ட கையோடை பிளேன்ரி குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கோ, தேயிலை சாப்பாட்டிலை இருக்கிற இரும்பை உடம்பு எடுக்க விடாது.

கேள்வி: நான் யாழ்ப்பாண ரவுணிலை ஒரு உடுப்புக் கடையிலை நிக்கிறன், வயசு 29. விடிய ஒன்பதிலை இருந்து இரவு எட்டு மணி மட்டும், ஞாயிறு எண்டால் ரெண்டு மணி மட்டும். லீவு கேட்டால் "நாங்கள் ஒரு குடும்பம் மாதிரியெல்லோ தம்பி" எண்டு முதலாளி சொல்லுவார். வீட்டை போய்ச் சாப்பிட்டுப் படுத்தால் நித்திரையும் வராது, ஒரு மணி ரெண்டு மணி மட்டும் ரிக்ரொக் பாத்துக்கொண்டு கிடப்பன். முந்தி கஸ்ரமர் வந்தால் சிரிச்சுக் கதைப்பன், இப்ப ஆரைக் கண்டாலும் எரிச்சல். – பெயர் போட வேண்டாம்

பதில்: தம்பி, குடும்பம் எண்டால் முதலாளியின்ரை சொத்திலை உங்களுக்கும் ஒரு பங்கு எழுதித் தருவாரோ எண்டு பகிடிக்கு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. சாப்பாட்டு நேரத்தைக் கழிச்சுப் பாத்தாலும் நீங்கள் கிழமைக்கு 60 மணித்தியாலத்துக்கு மேலை நிக்கிறியள். இலங்கையிலை 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, அதின்படி ஒரு நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், அதுக்கு மேலை எண்டால் ஓவர்ரைம், ஒண்டரை மடங்கு காசு, அதுவும் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்குக் கூடக்கூடாது. கிழமையிலை ஒண்டரை நாள் லீவு. வருசத்துக்குச் சம்பளத்தோடை 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் தனிப்பட்ட லீவும் இருக்கு. இது ஆரும் பாவம் பாத்துத் தாற சலுகை இல்லை.

ஆனா சட்டம் கடுதாசியிலை இருக்கு, வேலை முதலாளியின்ரை கையிலை இருக்கு, அது எனக்கும் விளங்குது. நாளைக்கே போய்ச் சண்டை பிடியுங்கோ எண்டு நான் சொல்லமாட்டன், வேலை போனால் நான் வந்து சோறு போடப் போறதில்லை. முதல் வேலையா ஒரு சின்னக் கொப்பி வாங்கி எத்தினை மணிக்கு வந்தனான், எத்தினை மணிக்குப் போனனான் எண்டு ஒவ்வொரு நாளும் எழுதுங்கோ. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுப்படுதோ எண்டும் பாருங்கோ, சம்பளத்திலை முதலாளி 12 வீதம், நீங்கள் 8 வீதம். பேந்து கடையிலை நிக்கிற மற்றப் பெடியளோடை கதைச்சு, எல்லாரும் சேந்து ஒரே ஒரு விசயத்தைக் கேளுங்கோ: சுத்து முறையிலை ஆளுக்குக் கிழமையிலை ஒரு முழுநாள் லீவு. ஓவர்ரைம் கதையை முதல்லை எடுத்தால் அவர் கதவைச் சாத்திப்போடுவார், லீவுக் கதையெண்டால் அனேகமா இறங்கி வருவார், அவருக்கும் கடையிலை சிரிக்கிற முகம் தேவை. அதுக்கும் மசியாட்டி தொழில் திணைக்களம் இருக்கு, அந்தக் கொப்பி அங்கை உதவும்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் நிறுவனமும் சேந்து 2021 இலை ஒரு ஆய்வு வெளியிட்டவை. கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதுக்கு மேலையோ வேலை செய்யிற ஆக்களுக்கு, 35–40 மணித்தியாலம் செய்யிற ஆக்களை விடப் பாரிசவாதம் வாற ஆபத்து 35 வீதமும் இருதய வருத்தத்திலை சாகிற ஆபத்து 17 வீதமும் கூட எண்டு அதிலை வந்தது. 29 வயசிலை இதெல்லாம் தூரத்துக் கதை மாதிரித்தான் தெரியும். ஆனா அந்த எரிச்சல் தூரத்திலை இல்லையே. உடம்பிலை தெம்பு இல்லாமல் போறது, வேலையிலையும் வாற ஆக்களிலையும் வெறுப்பு வாறது, நான் என்னத்தைச் செய்து என்ன எண்ட நினைப்பு, இந்த மூண்டும் சேந்தால் அதை வேலைக் களைப்பின்ரை அடையாளமா அதே உலக சுகாதார நிறுவனம் 2019 இலை தன்ரை நோய் வகைப்படுத்தல் பட்டியலிலை விளங்கப்படுத்தியிருக்கு. நோய் எண்டு இல்லை, வேலையிடத்தாலை வாற ஒரு நிலை எண்டுதான் சொல்லுது. அப்ப பிழை உங்கட குணத்திலை இல்லை.

ரிக்ரொக்கைப் பற்றி நான் ஏசப் போறதில்லை. பகல் முழுக்கக் கடைக்கு, இரவாவது எனக்கு எண்டு மனம் கேக்குது, அதுதான் நடக்குது. ஆனா அந்த ரெண்டு மணித்தியாலத்திலை உங்களுக்கு என்ன மிஞ்சுது எண்டு நீங்களே பாருங்கோ. ஞாயிறு ரெண்டு மணிக்குப் பிறகு கூட்டாளியளோடை கசூரினாக் கடற்கரைக்கோ சாட்டிக் கடற்கரைக்கோ போய் ஒரு குளிப்பு, இல்லாட்டி ஒழுங்கைக்குள்ளை வொலிபோல். சந்தோசம் எண்ட ஒண்டு பகல்லை கிடைச்சால் இரவிலை போனைத் துரத்திறது கொஞ்சம் குறையும். இதுக்கும் மேலை, உயிரோடை இருந்து என்ன எண்டு எப்பவாவது மனசிலை தோன்றினால் 1926 க்கு அடியுங்கோ, தேசிய மனநல உதவி இலக்கம், இரவோ பகலோ எடுக்கலாம். வெக்கப்படாதேங்கோ.

கேள்வி: அக்கா நான் ஏ.எல். பயோ செய்யிறன். நாலு மணித்தியாலம்தான் படுக்கிறன், கோப்பி குடிச்சுத்தான் முழிச்சிருக்கிறன். வகுப்பிலை முதல் வாற பிள்ளை மூண்டு மணித்தியாலம்தான் படுக்கிறாளாம். – நெல்லியடி மாணவி

பதில்: அவள் சொல்லிறதை நம்பாதேங்கோ பிள்ளை, படிக்கேல்லை எண்டு சொல்லிறதும் படுக்கேல்லை எண்டு சொல்லிறதும் எங்கட பள்ளிக்கூடங்களிலை காலங்காலமா நடக்கிற வேலை. உங்கட வயசுக்கு 8 மணித்தியாலம் வேணும். பகல் படிச்சதை மூளை அடுக்கி வைக்கிறதே நித்திரையிலைதான், நாலு மணித்தியாலத்தோடை எழும்பினால் படிச்சதிலை ஒரு பங்கை நீங்களே வெளியிலை கொட்டிற மாதிரி. இரவு பத்து மணிக்குக் குடிச்ச கோப்பியின்ரை கஃபீனிலை பாதிக்குக் கிட்ட மூண்டு மணிக்கும் ரத்தத்திலை நிக்கும், அதாலை படுத்தாலும் ஆழமா நித்திரை வராது. பின்னேரத்துக்குப் பிறகு கோப்பி வேண்டாம். ஒரே பாடத்துக்கு ரெண்டு இடத்திலை ரியூசன் போறியளோ எண்டு பாத்து ஒண்டை விடுங்கோ. அம்மா அப்பா மாட்டன் எண்டால் இந்தப் பக்கத்தைக் கிழிச்சு சுவாமி அறையிலை ஒட்டுங்கோ.

கேள்வி: நான் ரொறொன்ரோவிலை இருக்கிறன், அம்மா சாவகச்சேரியிலை தனிய. 68 வயசு. எவ்வளவு சொன்னாலும் ஒரு இடத்திலை இருக்க மாட்டா. வோஷிங் மெசின் வாங்கிக் குடுத்தன், அதுக்கு மேலை துணி போட்டு மூடி வச்சிட்டுக் கிணத்தடிக் கல்லிலை தோய்க்கிறா. – கனடா வாசகி

பதில்: மெசினுக்கு மேலை ஒரு சுவாமிப் படமும் வச்சிருப்பா, அடுத்தமுறை வீடியோ கோலிலை பாருங்கோ.

நீங்கள் எத்தினை மணிக்குக் கோல் எடுக்கிறியள் எண்டு எழுதேல்லை. மத்தியானம் லஞ்ச் பிரேக்கிலை ஒரு மணிக்கு எடுத்தால் கோடைகாலத்திலை இஞ்சை இரவு பத்தரை, குளிர்காலத்திலை பதினொண்டரை. லண்டனிலை ஆரும் சகோதரம் இருந்து இரவு எட்டு மணிக்கு எடுத்தால் இஞ்சை சாமம் தாண்டிப் பன்னெண்டரை, ஒண்டரை. பிள்ளை கோல் எடுக்கும் எண்டு அந்த மனிசி விழிச்சுக்கொண்டு இருக்கும், நித்திரை எண்டு உங்களிட்டைச் சொல்லாது, விடியக் கோயில் மணி கேக்க எழும்பி முத்தம் கூட்டும். உங்கட இரவு ஒன்பது மணிக்கு எடுங்கோ, இஞ்சை விடிய ஆறரையோ ஏழரையோ, அவ தேத்தண்ணியோடை இருந்து ஆறுதலாக் கதைப்பா.

வேலையை விடச் சொல்லாதேங்கோ, தனிய இருக்கிற மனிசிக்கு முத்தம் கூட்டிறதும் கோழிக்குத் தீன் போடுறதும்தான் நாள் நகருறதுக்கு வழி. பாரமான வேலையை மட்டும் எடுங்கோ, தண்ணி அள்ளி உடுப்புத் தோய்க்கிறது, தேங்காய் உரிக்கிறது, விறகு கொத்திறது. மெசினைத் தொடப் பயமா இருக்கும், இல்லாட்டி கறன்ட் பில் கூடும் எண்ட யோசனையா இருக்கும். கிழமைக்கு ரெண்டு தரம் ஒரு பிள்ளையைச் சம்பளத்துக்கு வரச்சொல்லி, மெசினைப் போடுறதும் அந்தப் பிள்ளையின்ரை வேலையா வையுங்கோ. பில்லை நீங்கள் ஒன்லைனிலை கட்டுங்கோ, அவவின்ரை கண்ணிலை படக்கூடாது.

பிறகு, கோபிக்காதேங்கோ, ஓகஸ்ட்டிலை நல்லூருக்கெண்டு குடும்பமா வந்து இறங்கி ஒடியல் கூழ், நண்டுக் கறி, பனங்காய்ப் பணியாரம் எண்டு ஆசைப்பட்டதெல்லாம் அம்மாவின்ரை கையாலை கேக்கிறியளோ? கூழுக்கு மீன், றால், நண்டு, பயித்தங்காய், பிலாக்கொட்டை எல்லாம் துப்புரவாக்கி முடிக்கவே அரைநாள். ஒருநாள் கேளுங்கோ, அவவுக்கும் ஆசைதான். மற்ற நாளுக்குச் சமைக்க ஆள் பிடியுங்கோ.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். சனசமூக நிலையம், கோயில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம் மூண்டிலையும் பொறுப்பிலை இருக்கிறன். சும்மா இருந்தால்தான் எனக்கு வருத்தம் வரும். ஓய்வு ஓய்வு எண்டு எல்லாருக்கும் ஏன் பாடம் எடுக்கிறியள்? – உரும்பிராய் வாசகர்

பதில்: ஐயா, நல்ல நித்திரை, நேரத்துக்குச் சாப்பாடு, பிரசர் சீனி கட்டுக்குள்ளை எண்டால் நீங்கள் தாராளமா ஓடித்திரியுங்கோ, விரும்பிச் செய்யிற வேலை ஒருத்தரையும் கொல்லாது. ஆனா கூட்டம் எல்லாம் உங்கட விறாந்தையிலைதானே நடக்குதாம், வாற ஆக்களுக்குத் தேத்தண்ணியும் வடையும் போடுறது ஆர்? அவவிட்டையும் ஓய்வு வேணுமோ எண்டு ஒருக்கா கேட்டு எழுதுங்கோ, பதிலைப் போடுவம்.

கேள்வி: செல்ஃப் கெயார் எண்டு பார்லர் பக்கேஜ் எல்லாம் போடுகினம், பேஸ்புக் முழுக்க அதுதான். மாசம் ஒருக்காப் போனால் நல்லதோ? காசு கொஞ்சம் இறுக்கம். – சுன்னாகம் வாசகி

பதில்: போனால் மனசுக்குச் சந்தோசமெண்டால் போங்கோ, ஆனா சீட்டுக் காசை உடைச்சுப் போய் இருந்தால் அந்தக் கிறீம் பூசிற நேரம் முழுக்க காசு யோசனைதான் ஓடும். காசு இறுக்கமெண்டால் சனிக்கிழமை முழுக்கு இருக்கு. சனி நீராடு எண்டு ஔவையார் சொன்னதைச் சின்ன வகுப்பிலை பாடமாக்கினதோடை சரி, இப்ப எத்தினை பேர் செய்யிறம்? நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, உச்சியிலை இருந்து குதிக்கால் மட்டும் ஆறுதலாத் தேச்சு, அரை மணித்தியாலம் ஊற விட்டு, சீயக்காய் போட்டுக் கிணத்துத் தண்ணியிலை முழுகுங்கோ. தடிமன், காய்ச்சல் இருந்தால் வேண்டாம். பொம்பிளையளுக்குச் சனி ஆகாது செவ்வாய் வெள்ளிதான் எண்டு வீட்டிலை சொன்னால் வெள்ளிக்கிழமை முழுகுங்கோ, எனக்கு எந்த நாளும் சம்மதம். முக்கியம் என்னெண்டால் அந்த ஒரு மணித்தியாலம் பிள்ளையைப் பாக்க வேறை ஆள் இருக்க வேணும், அடுப்பிலை ஒண்டும் கொதிக்கக்கூடாது. முழுகின அண்டு பகல் நித்திரை கூடாது எண்டு பழைய ஆக்கள் சொல்லுவினம், அதை நம்பிறியளோ இல்லையோ அண்டு இரவு வெள்ளனப் படுங்கோ. எண்ணெய் பட்ட துவாயை மற்ற உடுப்போடை போடாமல் தனியாத் தோய்க்க வேணும், அதையும் அண்டைக்கு வேறை ஆரும் தோய்க்கட்டும்.